பொய்த்துப்போக வேண்டிய வாக்கு



எபிரேயத் தீர்க்கதரிசிகளின் நூல்களில் கடவுளின் நீதி, அவருடைய இரக்கம், மனிதரின் மனந்திரும்புதல் ஆகிய மூன்றையும் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறீர்கள். வேதாகமத்தை நாள்தோறும் வாசிக்கிறவர்கள் இந்த அவையில் இருப்பீர்கள். அதை ஒருமுறையும் திறந்து பாராதவர்களும் இருப்பீர்கள். இரு சாராருக்கும் சேர்த்தே பேசுகிறேன்.

முதலில் ஒரு கேள்வி. தீர்க்கதரிசி சொன்ன அழிவு நடந்துவிட்டால் அவர் வென்றவரா, தோற்றவரா?

வருவதை முன்கூட்டிச் சொல்பவரே தீர்க்கதரிசி என்று பலர் எண்ணுகிறோம். பலித்தால் பெரியவர், பலிக்காவிட்டால் போலி. இந்த ஒரு கோலை மட்டும் கொண்டு ஆமோசையும் எரேமியாவையும் அளந்துவிட முடியுமா? மழைக்கால இரவொன்றை நினைத்துப் பாருங்கள். கண்மாய்க் கரையில் கசிவு கண்ட காவல்காரர் ஊருக்குள் ஓடிவருகிறார். விடிவதற்குள் கரை உடையும், ஊர் மூழ்கும் என்று தெருத்தெருவாகக் கூவுகிறார். ஊரே திரண்டு மண்மூட்டை அடுக்கிக் கரையைக் காப்பாற்றிவிடுகிறது. காலையில் அவரைப் பார்த்து, நீர் சொன்னது பொய்த்துப்போயிற்றே என்று யாராவது குறை சொல்வார்களா? பொய்த்துப்போக வேண்டும் என்பதற்காகத்தானே அவர் கூவினார்!

தீர்க்கதரிசிகள் சொன்ன தண்டனைச் செய்திகளை இந்தக் காதோடு கேட்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். அழிக்க முடிவு செய்துவிட்டவர் எச்சரிக்க மாட்டார். எச்சரிக்கிறார் என்றால் இன்னும் காத்திருக்கிறார் என்று பொருள். அச்சுறுத்தலாகக் கேட்கிற அந்தக் குரலுக்குள்ளேயே இரக்கம் இருக்கிறது. ஆனால் அந்த இரக்கம் மலிவானதன்று. அது ஒன்றைத் திரும்பக் கேட்கிறது. எதைத் திரும்பக் கேட்கிறது? அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

பெத்தேல் என்னும் வழிபாட்டு நகருக்கு வாருங்கள். காலம் கி.மு. எட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி. வடக்கே இஸ்ரவேல், தெற்கே யூதா என்று நாடு இரண்டாகப் பிரிந்திருந்த காலம். வடநாட்டை இரண்டாம் யெரொபெயாம் ஆண்டுகொண்டிருக்கிறான். எல்லைகள் விரிந்திருக்கின்றன, வணிகம் செழித்திருக்கிறது. யானைத்தந்தம் பதித்த கட்டில்களில் செல்வர்கள் சாய்ந்து கிடந்ததை ஆமோசின் நூல் கண்டிக்கிறது. இது வெறும் மிகைப்பேச்சன்று. இருபதாம் நூற்றாண்டில் வடநாட்டுத் தலைநகர் சமாரியாவின் அரண்மனைப் பகுதியைத் தோண்டியபோது, செதுக்கிய தந்தத் துண்டுகள் ஏராளமாகக் கிடைத்தன.

அந்த வளமான நாட்டுக்குள் தெற்கேயிருந்து ஒருவர் வருகிறார். தெக்கோவா என்னும் சிற்றூர்க்காரர். மந்தை மேய்த்தவர், காட்டத்தி மரங்களைப் பேணியவர். குருக்கள் குடும்பமும் இல்லை, தீர்க்கதரிசிகளின் கூட்டமும் இல்லை. அவர்தான் ஆமோஸ்.

அவர் பேசத் தொடங்கிய விதத்தைக் கவனியுங்கள். முதலில் தமஸ்குவைக் கண்டிக்கிறார். கீலேயாத் மக்களை இரும்புப் போரடிக்கும் கருவியால் நசுக்கினாயே என்கிறார். அடுத்து காசா: ஓர் ஊரையே சிறைப்பிடித்து அடிமைகளாக விற்றதே! அடுத்து தீரு, ஏதோம். அடுத்து அம்மோன்: எல்லையை விரிவாக்கக் கர்ப்பிணிகளின் வயிற்றைக் கிழித்ததே! கேட்டுக்கொண்டிருந்த இஸ்ரவேலருக்கு எப்படி இருந்திருக்கும்? எல்லாரும் பகை நாட்டார்தானே! ஒவ்வொரு பெயருக்கும் தலை அசைந்திருக்கும், கை தட்டியிருப்பார்கள்.

பிறகு மோவாப். மோவாப் செய்த குற்றம் என்ன? ஏதோம் நாட்டு அரசனின் எலும்புகளைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கியது. இங்கே சற்று நில்லுங்கள். இதில் இஸ்ரவேலுக்கு என்ன இழப்பு? ஒன்றுமே இல்லை. ஓர் அயலான் இன்னோர் அயலானின் பிணத்தை இழிவுபடுத்தியிருக்கிறான். அதற்கும் கடவுள் கணக்குக் கேட்கிறார். ஒரு குலத்தின் காவல் தெய்வமாக மட்டும் அவரை எண்ணியிருந்தவர்களுக்கு அது எத்தகைய அதிர்ச்சியாக இருந்திருக்கும்!

அதற்கடுத்து யூதா. கடைசியில், எல்லாரும் முடிந்தார்கள் என்று கூட்டம் எழுந்திருக்கும் நேரத்தில், இஸ்ரவேல்! சுற்றிச் சுற்றி வந்த வட்டம் கேட்டவர்களின் கழுத்தில் வந்து இறுகுகிறது.

அவர்கள் செய்த குற்றம் என்ன? விக்கிரக வழிபாடா? அதைப் பற்றி ஆமோஸ் அதிகம் பேசவில்லை. ஒரு ஜோடிச் செருப்புக்காக ஏழையை விற்றார்கள் என்கிறார். தானியம் அளக்கும் மரக்காலைச் சிறிதாக்கினார்கள், வெள்ளி நிறுக்கும் படிக்கல்லைக் கனமாக்கினார்கள் என்கிறார். பதரையும் கூளத்தையும் கோதுமையென்று விற்றார்கள் என்கிறார். ஓய்வுநாள் எப்போது முடியும், கடையை எப்போது திறக்கலாம் என்று தவித்தார்கள் என்கிறார். அடகாக வாங்கிய ஏழையின் ஆடையை விரித்துப் பலிபீடத்தின் அருகிலேயே படுத்தார்கள் என்கிறார்.

அடகு வாங்கிய ஆடை! இந்த ஆடையை மறந்துவிடாதீர்கள். ஏழையின் மேலாடையை அடகாக வாங்கினால் பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது மோசேயின் சட்டம். இரவில் போர்த்திக்கொள்ள அவனுக்கு வேறு துணி கிடையாது.

1960இல் இன்றைய இஸ்ரேலின் கடற்கரையில், மெசாத் ஹஷவ்யாகு என்னும் பழைய கோட்டையில், மை கொண்டு எழுதிய பானை ஓடு ஒன்று கிடைத்தது. கி.மு. ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. அறுவடைக் கூலி ஒருவர் கோட்டைத் தலைவருக்கு எழுதுவித்த முறையீடு அது. தமக்குக் குறித்த அறுப்பைத் தாம் முடித்துவிட்டதாகவும், ஆனாலும் ஓர் அதிகாரி தம் ஆடையைப் பறித்துக்கொண்டதாகவும் அதில் சொல்கிறார். வெயிலில் தம்மோடு அறுத்தவர்கள் தமக்காகச் சாட்சி சொல்வார்கள் என்கிறார். ஆடையைத் திருப்பித் தரும்படி வேண்டுகிறார். அந்தக் கூலியின் பெயரைக்கூட நாம் அறியோம். அவர் ஆடை திரும்பக் கிடைத்ததா என்றும் ஓடு சொல்லவில்லை. தீர்க்கதரிசிகள் யாருக்காகக் குரல் கொடுத்தார்களோ அந்த மனிதரின் சொந்தக் குரல் இது. அந்த ஓட்டைப் பற்றி முதன்முதலாகப் படித்தபோது என் உள்ளம் அதிர்ந்தது. ஆமோசின் ஒவ்வொரு சொல்லும் அதற்குப் பிறகு எனக்கு வேறாகக் கேட்டது.

கடவுளின் நீதி என்று தீர்க்கதரிசிகள் சொல்வது எது என்று கேட்டால், நான் இந்த ஓட்டைத்தான் காட்டுவேன். முறையிட நாதியற்றவனின் முறையீடு மேலே கேட்கப்படுகிறது. அதுதான் நீதி.

ஆமோஸ் வெறும் கண்டனக்காரரா? அவர் கண்ட காட்சிகளைப் படியுங்கள். வெட்டுக்கிளிகள் பயிரை அழிக்க வருவதைக் காண்கிறார். உடனே கடவுளிடம் மன்றாடுகிறார், யாக்கோபு, அதாவது இஸ்ரவேல், சிறியவன், எப்படித் தாங்குவான் என்று கேட்கிறார். கடவுள் அந்தத் தண்டனையை விலக்கிக்கொள்கிறார். அடுத்து நெருப்பைக் காண்கிறார், மறுபடியும் மன்றாட்டு, மறுபடியும் விலக்கம். மக்கள் முன் கடவுளுக்காக நின்ற அதே மனிதர், கடவுள் முன் மக்களுக்காக நிற்கிறார். பெத்தேலின் குரு அமத்சியாவோ, ஊருக்குப் போய்ப் பிழைத்துக்கொள் என்று அவரை விரட்டினான். தங்களுக்காக மன்றாடியவரையே விரட்டினார்கள்! ஒரு தலைமுறை கழிந்தது. கி.மு. 722 அளவில் அசீரியப் படையிடம் சமாரியா வீழ்ந்தது.

ஆமோசுக்குச் சற்றுப் பின்னர் வந்த ஓசியா, கடவுளின் நெஞ்சுக்குள்ளேயே நம்மைக் கொண்டுபோகிறார். நடை பழக்கிய பிள்ளையைத் தண்டிக்க வேண்டிய இடத்தில் நிற்கும் தகப்பனாகக் கடவுள் தவிக்கிறார், அவருடைய உள்ளம் புரள்கிறது. எங்கோ உயரத்தில் அசைவற்று அமர்ந்து தீர்ப்பெழுதும் கடவுளை ஓசியாவிடம் நீங்கள் காண முடியாது. அதே ஓசியா, விடிந்ததும் மறையும் பனியைப் போன்ற பக்தியை நம்பவும் மறுக்கிறார்.

அப்படியானால் எந்த மனந்திரும்புதலை நம்பலாம்? அழுதால் போதுமா? நோன்பிருந்தால் போதுமா? இரட்டு உடுத்திச் சாம்பலில் உட்கார்ந்தால் போதுமா?

ஆமோசுக்கு முன்னரே வடநாட்டை ஆண்ட ஆகாப் அரசனைப் பாருங்கள். யெஸ்ரயேலில் நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை விரும்பினான். நாபோத் தர மறுத்தான், அது மூதாதையர் வழி வந்த நிலம். அரசி யேசபேல் பொய்ச்சாட்சி வைத்து அவனைக் கல்லெறிந்து கொல்வித்தாள். தோட்டத்தைக் கைப்பற்றப் போன ஆகாபை அந்த நிலத்திலேயே எதிர்கொண்டு எலியா தீர்க்கதரிசி கண்டித்தார். ஆகாப் நொறுங்கிப்போனான். இரட்டு உடுத்தினான், நோன்பிருந்தான், தலைகுனிந்து நடந்தான். கடவுள் அதையும் கண்டார். அவன் நாளில் வரவிருந்த தீங்கைத் தள்ளிவைத்தார். ஒரு துளி தாழ்மைக்கும் அவரிடம் மதிப்பிருக்கிறது!

ஆனால் நண்பர்களே, அந்தக் கதையை முழுவதும் தேடிப் பாருங்கள். ஆகாப் தோட்டத்தைத் திருப்பிக் கொடுத்தான் என்று ஒரு சொல் இருக்கிறதா? இல்லை. தண்டனை தள்ளிவைக்கப்பட்டது, நீக்கப்படவில்லை. ஆண்டுகள் கழித்து அவன் மகன் யோராம், கலகம் செய்த தளபதி யெகூவின் அம்புக்கு இரையானபோது, உடலை எங்கே வீசினார்கள்? அதே நாபோத்தின் நிலத்தில். அழுகை இருந்தது. திருப்பிக் கொடுப்பது மட்டும் இல்லாமல் போயிற்று.

இதைவிடக் கொடிய ஒரு நிகழ்ச்சி எரேமியாவின் நூலில் இருக்கிறது. அதிகம் பேசப்படாதது என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

கி.மு. 588 அளவில் பாபிலோன் படை எருசலேமை வளைத்துக்கொண்டது. நகரத்துக்குள் அச்சம். மக்களுக்கு ஒரு பழைய சட்டம் நினைவுக்கு வந்தது. கடனுக்காக அடிமையான எபிரேயனை ஏழாம் ஆண்டில் விடுதலை செய்ய வேண்டும் என்பது சட்டம். தலைமுறைகளாக யாரும் அதைக் கடைப்பிடிக்கவில்லை. இப்போது அரசன் சிதேக்கியா முன்னின்று மக்களோடு உடன்படிக்கை செய்தான். ஆலயத்தில் ஒரு கன்றை இரண்டாகப் பிளந்து, அந்தத் துண்டங்களின் நடுவே தலைவர்களும் குருக்களும் பெருநிலக்காரர்களும் நடந்தார்கள். வாக்குத் தவறினால் இந்தக் கன்றின் கதி எனக்கு என்பது அந்தச் சடங்கின் கருத்து. ஆண் அடிமைகளும் பெண் அடிமைகளும் விடுதலை பெற்றார்கள். ஒரு தாய் தன் பிள்ளையைக் கைப்பிடித்து எசமானின் வாசலைத் தாண்டி வெளியே வந்ததை எண்ணிப் பாருங்கள். அந்த நகரத்தில் அன்று எத்தனை வீடுகளில் ஆனந்தக் கண்ணீர்!

பிறகு நடந்தது என்ன? எகிப்திலிருந்து ஒரு படை வருவதாகச் செய்தி எட்டியது. பாபிலோனியர் முற்றுகையை விலக்கி அந்தப் பக்கம் போனார்கள். ஆபத்து நீங்கிவிட்டது என்று எசமானர்கள் நினைத்தார்கள். விடுதலை செய்த அதே மனிதர்களைத் தேடிப் பிடித்து மறுபடியும் அடிமைகளாக்கினார்கள்.

ஐயா, இதைவிடக் கொடுமை உண்டா? அடிமையாகவே இருந்தவனின் துயரம் ஒரு வகை. விடுதலையின் காற்றைச் சில நாள் சுவாசித்துவிட்டு மறுபடியும் இழுத்து வரப்பட்டவளின் துயரம்? எரேமியா கொதித்தெழுந்தார். அடிமைகளுக்கு விடுதலை தர மனமில்லாத உங்களுக்கு, வாளும் கொள்ளைநோயும் பஞ்சமும் தாக்க விடுதலை அறிவிக்கப்படுகிறது என்று கடவுளின் தீர்ப்பை உரைத்தார். போன படை திரும்பி வந்தது. நகரம் வீழ்ந்தது, ஆலயம் எரிந்தது.

இங்கே நீதியும் இரக்கமும் எதிரெதிராக நிற்கின்றனவா? முற்றுகை விலகிய அந்த இடைவேளைதான் இரக்கம். கால அவகாசம் கிடைத்தது. கிடைத்த அவகாசத்தில் அடிமையின் கழுத்தில் மறுபடியும் நுகத்தைப் பூட்டினார்கள். எசமானர்களை அப்போதும் மன்னித்திருந்தால், அந்த அடிமைப் பெண்ணுக்கு அது இரக்கமாக இருந்திருக்குமா? ஒடுக்கியவனுக்கு மட்டும் காட்டுகிற இரக்கம் ஒடுக்கப்பட்டவனுக்கு இரண்டாவது அநீதி. அதனால்தான் தீர்க்கதரிசிகளின் கடவுள் இரக்கம் காட்டும்போதெல்லாம் கூடவே கேட்கிறார்: பறித்தது எங்கே? அடகு வாங்கிய ஆடை எங்கே?

இப்போது நினிவேக்குப் போவோம். நினிவே அசீரியாவின் பெருநகரம். இன்றைய ஈராக்கில், மோசூலுக்கு எதிரே டைகிரிஸ் ஆற்றின் கீழ்க்கரையில் அதன் இடிபாடுகள் இருக்கின்றன. கடவுள் அங்கே அனுப்பிய யோனா என்னும் தீர்க்கதரிசி போக மறுத்துக் கப்பலேறியதும், மீன் அவரை விழுங்கியதும் குழந்தைகளும் அறிந்த கதை. மீனைக் கடந்து போவோம். கதையின் உயிர் கரையேறிய பின்புதான் இருக்கிறது.

யோனா நகரத்துக்குள் நடந்து சொன்னது எபிரேயத்தில் ஐந்தே சொற்கள். நாற்பது நாளில் நினிவே கவிழும் என்பதே செய்தி. திருந்துங்கள் என்றுகூட அவர் சொல்லவில்லை! ஆனால் அயல் தெய்வங்களை வணங்கிய அந்த நகரம் கேட்டது. அரசன் அரியணையை விட்டு இறங்கிச் சாம்பலில் உட்கார்ந்தான். மனிதரும் ஆடுமாடுகளும் நோன்பிருந்தன. அத்தோடு அரசன் இன்னொன்றும் கட்டளையிட்டான்: ஒவ்வொருவரும் தம் கைகளிலுள்ள கொடுமையை விட்டுத் திரும்ப வேண்டும்.

யூத அறிஞர்கள் இந்த இடத்தை மிகக் கூர்மையாக வாசித்தார்கள். கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் சட்டநூல், கடவுள் நினிவேயின் இரட்டையும் நோன்பையும் கண்டார் என்று நூல் சொல்லவில்லை, அவர்கள் தீய வழியை விட்டுத் திரும்பிய செயலைக் கண்டார் என்றே சொல்கிறது என்று சுட்டிக்காட்டுகிறது. அதற்கு விளக்கமாக எழுந்த பாபிலோனியத் தல்மூத்தில் சாமுவேல் என்னும் ஆசிரியர் இன்னும் ஒரு படி மேலே போகிறார். ஒருவன் ஒரு மர உத்தரத்தைத் திருடி அதை வைத்து மாளிகை கட்டியிருந்தானானால், மாளிகை முழுவதையும் இடித்து அந்த உத்தரத்தை உரியவனிடம் கொடுத்தான் என்கிறார். எண்ணிப் பாருங்கள்! உத்தரத்தின் விலையைக் கொடுத்துவிட்டால் ஆகாதா? மாளிகையை ஏன் இடிக்க வேண்டும்? மிஷ்னாவின் சட்டம் அப்படி இடிக்கச் சொல்லவில்லை, விலை கொடுத்தால் போதும் என்றது. ஆனால் நினிவேயின் மனிதர்கள் கணக்குப் பார்க்கவில்லை என்று காட்டவே அந்தக் காட்சி. ஆகாப் ஒரு தோட்டத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. எருசலேமின் எசமானர்கள் விடுதலையைக் கொடுத்துவிட்டுப் பறித்துக்கொண்டார்கள். அயலார் நகரமோ கட்டிய மாளிகையை இடித்தது!

கடவுள் மனம் மாறினார். நகரம் தப்பியது. யோனாவின் வாக்குப் பொய்த்தது. யோனாவுக்கோ கடும் கோபம், சாகவே விரும்பினார்.

யோனாவைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. நான் சிரிக்க மாட்டேன். இந்த நூல் யூதர்கள் பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்ட காலத்துக்குப் பிந்தியது என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. அப்படியென்றால் முதலில் இதைக் கேட்டவர்களுக்கு அசீரியா என்ன செய்தது என்று நன்றாகத் தெரியும். கி.மு. 701இல் அசீரிய அரசன் சனகெரிப் யூதாவின் லாகீஸ் நகரத்தைப் பிடித்தான். அந்த வெற்றியைத் தன் நினிவே அரண்மனைச் சுவரில் கல்லில் செதுக்கி வைத்தான். அந்தப் பலகைகள் இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கழுவேற்றப்பட்ட ஆண்களும், மூட்டை முடிச்சுகளோடு மாட்டுவண்டியில் போகும் பெண்களும் பிள்ளைகளும் அவற்றில் தெரிகிறார்கள். இப்படிச் செய்த நகரத்துக்கா மன்னிப்பு? யோனாவின் கோபம் செத்தவர்களின் சார்பான கோபம். அதைக் கடவுளும் அடக்கவில்லை. நிழல் தந்த ஆமணக்குச் செடி வாடியதற்கு வருந்துகிற உனக்கு, வலக்கைக்கும் இடக்கைக்கும் வேறுபாடு அறியாத 1,20,000 பேர் வாழும் நகரத்துக்காக நான் இரங்கக் கூடாதா என்று கேட்கிறார். யோனா என்ன பதில் சொன்னார்? நூல் சொல்லவில்லை.

பொய்த்துப்போன வாக்கு ஓர் உயிரைக் காத்த கதையும் உண்டு. கி.மு. 609 அளவில் யூதாவில் யோயாக்கீம் பட்டத்துக்கு வந்த புதிதில், ஆலயம் அழியும் என்று ஆலய முற்றத்திலேயே எரேமியா பேசினார். குருக்கள் அவரைப் பிடித்து மரண தண்டனை கேட்டார்கள். அப்போது முதியவர்கள் சிலர் எழுந்தார்கள். ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன் மொரேசா ஊர்த் தீர்க்கதரிசி மீகாவும் சீயோன் வயலைப் போல் உழப்படும் என்று சொன்னாரே, எசேக்கியா அரசன் அவரைக் கொன்றானா, கடவுளுக்கு அஞ்சி மன்றாடவில்லையா, தீங்கு விலகவில்லையா என்று கேட்டார்கள். மீகா சொன்னது அப்போது நடக்கவில்லை. அதற்காக அவரைப் பொய்யர் என்று யாரும் சொல்லவில்லை. நடக்காமற்போனதையே பெருமையாக நினைவில் வைத்திருந்தார்கள்! எரேமியா பிழைத்தார். அவரைப் போலவே பேசிய உரியா என்னும் தீர்க்கதரிசிக்கு அந்தப் பேறு கிடைக்கவில்லை. எகிப்துக்குத் தப்பியோடியவரை இழுத்துவந்து வெட்டினான் அதே யோயாக்கீம்.

எருசலேமிலிருந்து சிறைப்பட்டுப் போனவர்களோடு பாபிலோனில், கேபார் ஆற்றங்கரையில் இருந்தார் எசேக்கியேல். தந்தையரின் பாவத்துக்குப் பிள்ளைகள் அனுபவிக்கிறோம் என்று புளிப்புத் திராட்சையை வைத்து ஒரு பழமொழி சொல்லித் தங்களை நொந்துகொண்டார்கள் மக்கள். அந்தப் பழமொழியை இனிச் சொல்லாதீர்கள் என்றார் எசேக்கியேல். தந்தையின் குற்றம் மகனைக் கட்டாது, நேற்றைய உன் குற்றமும் இன்று திரும்புகிற உன்னைக் கட்டாது என்றார். தீயவன் சாவதில் கடவுளுக்கு மகிழ்ச்சியில்லை என்றார். சரி, தீயவன் திரும்பிவிட்டான் என்று எப்படி அறிவது? எசேக்கியேல் அடையாளம் சொல்கிறார்: அடகைத் திருப்பிக் கொடுப்பான், கொள்ளையிட்டதை ஈடு செய்வான். பார்த்தீர்களா, மறுபடியும் அந்த அடகு! பெத்தேலின் பலிபீடத்தருகே ஆமோஸ் கண்ட ஆடையை, பாபிலோனில் எசேக்கியேல் உரியவனின் கையில் கொடுக்கச் சொல்கிறார்.

லாகீசில் கழுவேறியவர்களின் பிள்ளைகள் நினிவேயின் மன்னிப்பை ஏற்பார்களா என்று நீங்கள் கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். எபிரேய மரபு அதை மூடி மறைக்கவில்லை. கி.மு. 612இல் நினிவே வீழ்ந்தது. இரத்தப்பழி சுமந்த அந்த நகரத்தின் வீழ்ச்சியைப் பாடும் நாகூமின் நூலையும், அதன் மீட்பைச் சொல்லும் யோனாவின் நூலையும் ஒரே சுருளில், பன்னிரு சிறு தீர்க்கதரிசிகளின் சுருளில், வைத்துப் போற்றினார்கள். எபிரேய வரிசையில் அவ்விரண்டுக்கும் நடுவே இருப்பவர் யார் தெரியுமா? மீகா! லாகீசுக்கு அருகிலுள்ள சிற்றூர்க்காரர். அசீரியப் படை மிதித்துப்போன அந்த வட்டாரத்து ஊர்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் புலம்பியவர்.

ஆண்டுதோறும் யோம் கிப்பூர் என்னும் பாவநிவாரண நாளின் பிற்பகலில், நோன்பின் களைப்போடு அமர்ந்திருக்கும் யூதச் சபைகளில் யோனாவின் நூலை முழுவதும் வாசிக்கிறார்கள். அந்த நாள் கடவுளுக்கு எதிரான பாவத்தைத் தீர்க்கும். அயலானுக்குச் செய்த தீங்கையோ, அவனைப் போய்ச் சமாதானம் செய்யும்வரை தீர்க்காது என்பது மிஷ்னாவின் தீர்ப்பு. யோனாவிடம் கடவுள் கேட்ட கேள்வியோடு அந்த நூல் முடிகிறது. வாசிப்பு அங்கே நிற்பதில்லை. பாவங்களையெல்லாம் கடலின் ஆழத்தில் எறிந்துவிடும் கடவுளைப் போற்றும் மூன்று வசனங்களை அதைத் தொடர்ந்து வாசிப்பது வழக்கம். அவை மீகாவின் நூலின் கடைசி மூன்று வசனங்கள்.